ஏவலும் நட்பும்

சிறுவர்களுக்கென்று எழுதப்பட்ட கதைகளைப் பெரியவர்கள் படிப்பது நம்மிடையே அவ்வளவாக வழக்கமில்லை. படித்தாலும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவர் சுற்றி வளைத்துப் பேச முடியாது. கேட்கிற பிள்ளை எழுந்து போய்விடும். அதனால்தானோ என்னவோ, பெரியவர்களின் நூல்கள் நாகரிகமாக மூடி மறைத்துவிட்டுப் போகும் கேள்விகள், அந்தக் கதைகளில் வெட்டவெளியில் வந்து நிற்கின்றன.

அப்படி ஒரு கேள்வியை ஒரு ஜோடிக் காலுறை எனக்குள் எழுப்பிவிட்டது.

ஜே.கே. ரௌலிங் என்ற ஆங்கில எழுத்தாளரின் ஹாரி பாட்டர் கதைகளை அறியாத வீடு இன்று குறைவு. அவ்வரிசையின் நான்காவது நூல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒரு கிறிஸ்துமஸ் காலை. மந்திரப் பள்ளியின் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஹாரி திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறான். இரண்டு பெரிய கண்கள் அவன் முகத்துக்கு வெகு அருகில் அவனையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை டாபியின் கண்கள். டாபி மனிதனல்லன், மந்திரவாதிகளின் வீடுகளில் பரம்பரை பரம்பரையாக ஏவல் செய்யும் 'எல்ஃப்' என்ற குள்ளப் பிறவி. இப்போது அந்தப் பள்ளியின் சமையற்கட்டில் வேலை.

டாபி பரிசு கொண்டுவந்திருக்கிறான். தன் சம்பளப் பணத்தில் கம்பளி நூல் வாங்கித் தன் கையாலேயே பின்னிய காலுறைகள். ஒன்று சிவப்பு, அதில் துடைப்பங்களின் உருவம். மற்றொன்று பச்சை, அதில் ஹாரிக்கு உயிரான விளையாட்டின் பறக்கும் பந்து. காலுறை இரண்டும் வெவ்வேறு நிறமாக இருப்பதுதான் முறை என்பது டாபியின் நம்பிக்கை.

ஹாரியோ டாபிக்கென்று எதுவுமே வாங்கவில்லை. நினைக்கவே இல்லை. ஆனாலும் நல்ல பையன்; இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. அவசரமாகப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பழசான ஒரு ஜோடியை எடுத்துக் கொடுக்கிறான். கடுகு மஞ்சள் நிறம். முன்பு அவன் பெரியப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது. ஓராண்டுக்கு மேலாக ஒரு கண்ணாடிக் கருவி உடைந்துவிடாமல் சுற்றிவைக்கப் பயன்பட்டு உருக்குலைந்து போனது. டாபிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஒரே ஒரு குறைதான் அவன் கண்ணில் படுகிறது: பாவம், கடைக்காரன் ஹாரியை ஏமாற்றி இரண்டையும் ஒரே நிறத்தில் விற்றுவிட்டான்!

பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஒருவன் தன் கூலியைச் செலவிட்டுப் பல இரவுகள் உட்கார்ந்து பின்னியதைத் தருகிறான். மற்றவன் பெட்டியின் அடியில் கிடந்த கந்தலைத் தருகிறான். கொடுத்தவனிடம் வஞ்சகமில்லை, பெற்றவனிடம் மனக்குறையில்லை. கதையைப் படிக்கும் உலகம் இவ்விருவரையும் நண்பர்கள் என்கிறது. உண்மையில் இது நட்புத்தானா? ஏவல் செய்பவனும் ஏவப் பிறந்தவனும் நண்பர்களாக இருக்க முடியுமா?

* * *

இவர்களின் முதற் சந்திப்பு 1998-இல் வந்த இரண்டாவது நூலில் நிகழ்கிறது. ஹாரி பெற்றோரை இழந்தவன். பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சிறு அறையில் பல ஆண்டுகள் உறங்கியவன். பெரியம்மா மகன் கழித்துப் போட்ட உடைகளை அணிந்து வளர்ந்தவன். அன்று அவனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஆகவே தன் அறையில் சத்தம் போடாமல், அங்கே இல்லாதவனைப்போல் இருக்கவேண்டுமென்று அவனுக்குக் கட்டளை. அறைக்குள் நுழைந்தால், கட்டிலின்மேல் பழைய தலையணை உறையொன்றை உடுத்திக்கொண்டு டாபி நிற்கிறான்.

ஹாரி மரியாதைக்காக "உட்காருங்கள்" என்கிறான். டாபி ஓவென்று அழத் தொடங்கிவிடுகிறான். தன்னைச் சமமாகப் பாவித்து உட்காரச் சொன்ன மந்திரவாதியை அவன் அதுவரை கண்டதேயில்லை. அவனுடைய எஜமானர் குடும்பத்தில் கொலை மிரட்டல் அன்றாட வழக்கம். குற்றம் செய்ததாகத் தோன்றினால் அவன் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள வேண்டும். சுவரில் தலையை மோதிக்கொள்வான். துணி தேய்க்கும் சூட்டுப் பெட்டியைத் தன் கைகள்மேல் வைத்துக்கொள்வான்.

இந்தக் காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீழே விருந்து நடக்கிறது. மேலே, சத்தம் போடக் கூடாதென்று விதிக்கப்பட்ட இருவர் ஓர் அறையில் இருக்கிறார்கள். ஒருவன் ஏவலாள், மற்றவன் அந்த வீட்டுப் பிள்ளை என்று பெயரளவில் வாழும் ஏவலாள். பழந்துணி உடுத்தியவன் பழந்துணி உடுத்தியவனைப் பார்த்து "உட்காருங்கள்" என்கிறான்.

கற்பனைக் கதைகளில் ஏழைப் பணியாளுக்குத் தோழனாக ஒரு சிறுவன் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வீட்டிலும் வேலைக்காரருக்கு அடுத்தபடி அதிகாரம் இல்லாதவன் சிறுவன்தான். இருவரும் பிறர் சொன்ன நேரத்தில் எழவேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது. உயர்வு தாழ்வு என்ற பாடத்தை அவன் இன்னும் முழுதாகக் கற்றிருப்பதில்லை. ஆகவே அவர்களிடையே ஒரு சமத்துவம் தானாகவே மலர்கிறது.

ஆனால் அது தவணையிட்ட சமத்துவம். சிறுவன் வளர்வான், வளர்ந்து எஜமானாவான். பணியாள் பணியாளாகவே இருப்பார். பெரியவர்களான நாம் இந்தக் கதைகளை மனம் கனக்காமல் படிக்க முடிவதில்லை என்றால், அந்தத் தவணை முடிகிற நாளை நாம் அறிந்திருப்பதே காரணம்.

* * *

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் அறத்தைப் பற்றி எழுதிய நூலில் நட்புக்கென்று இரண்டு பகுதிகளையே ஒதுக்கினார். அடிமையை உயிருள்ள கருவி என்று கருதியவர் அவர். தச்சனுக்கும் உளிக்கும் நட்பு ஏது? ஆகவே அடிமை என்ற நிலையில் அவனோடு நட்பு கிடையாது என்றார். உடனேயே, மனிதன் என்ற நிலையில் அவனோடு நட்புக் கொள்ள முடியும் என்றும் சொன்னார். ஒரே உடம்பில் இருக்கும் அடிமையையும் மனிதனையும் எப்படித் தனித்தனியே பிரித்தெடுப்பது? காலையில் ஏவிவிட்டு மாலையில் தோள்மேல் கைபோட்டுக்கொள்வதா? அந்த மாபெரும் அறிவு இந்த இடத்தைத் தொட்டுவிட்டு விரைவாக நகர்ந்துவிடுகிறது.

ரோமாபுரியின் செனக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். நீரோ மன்னனின் ஆசிரியராக இருந்தவர் அவர், பெருஞ்செல்வர். தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களில் நாற்பத்தேழாவது கடிதம் முழுவதும் அடிமைகளைப் பற்றியது. அவர்கள் மனிதர்கள், நம்மோடு வாழ்பவர்கள், எளிய நண்பர்கள் என்று அதில் எழுதுகிறார். அவர்களோடு ஒரே மேசையில் உண்பதை இழிவென்று எண்ணுவோரை எள்ளி நகையாடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படி எழுதிய கையை யாரும் வணங்கலாம். ஆனால் அந்தக் கடிதம் அவர்களை விடுதலை செய்யும்படி கேட்கவில்லை. நண்பர்கள்தான், ஆனால் விலைக்கு வாங்கிய நண்பர்கள்.

கருணை என்பது மேலிருந்து கீழே வருவது. அது எவ்வளவு பெருகி வந்தாலும், வருகிற வழியை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல எஜமானின் வீட்டில் வேலைக்காரருக்குக் காயமில்லாமல் இருக்கலாம், வயிறு நிறையலாம். அதையெல்லாம் குறைத்துச் சொல்லக் கூடாது. கொடிய எஜமானிடம் அகப்பட்டவரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் அதற்கு நட்பு என்று பெயர் சூட்டும்போது ஓர் உண்மை மறைந்துபோகிறது. நட்பு இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. ஒரு பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

* * *

தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் காட்டியிருக்கிறார். 1996-இல் தொடங்கிய அவருடைய நெடுங்கதையில் பிரான் என்ற ஏழு வயதுப் பிரபு மகன் உயரத்திலிருந்து தள்ளப்பட்டுக் கால்களை இழக்கிறான். அவனைச் சுமப்பதற்குக் குதிரை லாயத்தில் வேலை செய்யும் ஒருவன் கிடைக்கிறான். மலைபோன்ற உடம்பு, குழந்தை மனம். 'ஹோடார்' என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதுவும் பேச வராது. அதனால் எல்லோரும் அவனை ஹோடார் என்றே அழைக்கிறார்கள். அவனுக்கு வால்டர் என்று வேறு பெயர் உண்டென்பது அந்த வீட்டுக் கிழவி ஒருத்தி சொல்லித்தான் தெரிகிறது.

முதுகில் கட்டிய கூடையில் பிரானை வைத்துக்கொண்டு ஹோடார் காடு மலை பனியெல்லாம் கடக்கிறான். இருவரிடையே பிரியம் உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால் பிரானுக்குப் பிற உயிர்களின் உடலுக்குள் புகும் வித்தை கைகூடுகிறது. ஒரு புயல் இரவில், இடிக்கு அஞ்சி அலறும் ஹோடாரை அடக்கவேண்டிய ஆபத்தான வேளையில், தன்னை அறியாமலே அவனுக்குள் புகுந்துவிடுகிறான். அது ஆபத்துக்குச் செய்தது, போகட்டும். 2011-இல் வந்த ஐந்தாவது நூலில் அதுவே பழக்கமாகிறது. கால் இழந்த சிறுவனுக்கு நடக்க ஆசை. ஹோடாரின் உடம்பை அணிந்துகொண்டு குகைகளில் உலவுகிறான். உள்ளே ஹோடாரின் உயிர், யாரும் தொடமுடியாத ஒரு மூலையில் சுருண்டு ஒடுங்கிக்கொள்கிறது. பிரானுக்கு அது தெரிகிறது. தீங்கு செய்ய நினைக்கவில்லை, சிறிது நேரம்தான், திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்கிறான். உடனிருப்பவர்களிடம் சொல்வதில்லை. மனிதனின் உடலை மனிதன் கைப்பற்றுவது பெரும் பாதகம் என்று அந்த வித்தை அறிந்தவர்களின் நீதி கூறுவதாக அதே நூலின் முன்னுரைப் பகுதியில் வருகிறது.

அந்தப் பையன் கொடியவனல்லன். அவன் ஆசை எவ்வளவு எளிய ஆசை! நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அவனை வெறுக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஹோடாரிடம் 'மாட்டேன்' என்ற சொல் இல்லை. மறுக்க முடியாதவனிடம் அன்பு இருக்கலாம், தியாகம்கூட இருக்கலாம். அந்த அன்பையும் தியாகத்தையும் பெறுகிறவன், அவை விரும்பித் தரப்பட்டனவா என்று அறிந்துகொள்ள வழியே இல்லை. 2016-இல் தொலைக்காட்சித் தொடரில் ஹோடார் ஒரு கதவைத் தாங்கிப் பிடித்து உயிர்விட்ட காட்சியைக் கண்டு உலகெங்கும் மக்கள் கண்ணீர் விட்டார்கள். அழுதது நியாயம்தான். ஆனால் அவன் சம்மதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

* * *

இனி டாபியிடம் திரும்புவோம். அவன் கதையில் முக்கியமான திருப்பம் அவன் பெற்ற கருணையால் வந்ததன்று, விடுதலையால் வந்தது.

எஜமானன் தன் கையால் ஓர் உடையைக் கொடுத்தால் அந்த எல்ஃபுக்கு விடுதலை என்பது அவ்வுலகின் சட்டம். இரண்டாவது நூலின் முடிவில் ஹாரி ஒரு தந்திரம் செய்கிறான். டாபியின் எஜமானர் மால்ஃபாய்க்குச் சொந்தமான தீய நாட்குறிப்பு ஒன்றைத் தன் அழுக்குக் காலுறைக்குள் திணித்து அவர் கையிலேயே கொடுக்கிறான். அவர் வெறுப்போடு காலுறையை உருவி வீசி எறிகிறார். அதை டாபி பிடித்துக்கொள்கிறான். அந்தக் கணமே விடுதலை. அப்போது ஹாரி கைம்மாறாக அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இனி ஒருபோதும் என் உயிரைக் காப்பாற்ற முயலாதே! டாபியின் உதவிகளால் கை எலும்பு முறிந்து படுத்தவன் வேறென்ன கேட்பான்?

விடுதலை பெற்றவனுக்கு வேலை கிடைப்பது எளிதாக இல்லை. சம்பளம் கேட்கும் எல்ஃபை யாரும் விரும்பவில்லை. கடைசியில் பள்ளித் தலைவர் டம்பிள்டோர் வேலை தருகிறார். வாரத்துக்குப் பத்துப் பொற்காசும், வார இறுதி விடுமுறையும் தருவதாகச் சொல்கிறார். டாபி பேரம் பேசி அதைக் குறைத்துவிடுகிறான்! வாரத்துக்கு ஒரு பொற்காசு, மாதத்துக்கு ஒருநாள் விடுமுறை போதுமாம். நெடுநாள் இருட்டில் இருந்தவன் கண் கூசிச் சன்னலைப் பாதி சாத்திக்கொள்வதுபோல் இருக்கிறது அது. நம் பாரதி பாடிய 'கண்ணன் என் சேவக'னும் கூலியைப் பெரிதாக எண்ணாதவன்தான். அன்பொன்றே போதுமென்று வந்தவன்தான். ஆனால் அவன் கடவுள். கடவுளுக்குக் கட்டுப்படியாகும். டாபி சிறியவன், அவனுக்குக் கம்பளி நூல் வாங்கவும் காசு வேண்டும். அந்த ஒரு பொற்காசில்தான் ஹாரியின் காலுறை பின்னப்பட்டது. அடிமையாக இருந்தபோது அவனால் யாருக்கும் எதையும் பரிசளித்திருக்க முடியாது. தனக்கென்று ஒன்று இல்லாதவன் எதைக் கொடுப்பான்?

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். மற்ற எல்ஃபுகள் விடுதலையை விரும்பவில்லையே? ஆம். டாபியின் சம்பளத்தைக் கேட்டு அவர்கள் நாணித் தலை குனிகிறார்கள். விங்கி என்ற எல்ஃப் விடுவிக்கப்பட்ட துயரத்தில் குடித்துச் சீரழிகிறாள். ஹாரியின் தோழி ஹெர்மாயனி அவர்கள் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது பள்ளியே சிரிக்கிறது. அவளும் அவர்களைக் கேட்காமலே, குப்பைக்கு அடியில் தொப்பிகளை மறைத்துவைத்து அவர்களை விடுவிக்கப் பார்க்கிறாள். அவர்களோ சினந்து அந்தக் கூடத்தைச் சுத்தம் செய்யவே மறுத்துவிடுகிறார்கள். நல்ல நோக்கத்தோடு செய்யும் ஏவலும் ஏவல்தான் என்பதை அந்தப் பெண் அறியவில்லை. ஆனால் விரும்பவில்லை என்ற காரணத்தைக் காட்டி எஜமானர்கள் நிம்மதியாக உறங்கவும் முடியாது. ஆசைப்படுவதே குற்றம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட இடத்தில், 'எங்களுக்கு ஆசையில்லை' என்ற பதில் யாருடைய பதில்?

* * *

2005-இல் வந்த ஆறாவது நூலில் தவணை முடிகிற நாள் வந்துவிடுகிறது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் இறந்துபோக, அவருடைய வீடு உயிலின்படி ஹாரிக்கு வருகிறது. வீட்டோடு சேர்ந்து க்ரீச்சர் என்ற கிழட்டு எல்ஃபும் வருகிறான். ஓர் எல்ஃபை விடுவித்த பையன், பதினாறு வயதை எட்டும்போது மற்றொரு எல்ஃபுக்குச் சொந்தக்காரன்! அவனை விடுவிக்கவும் முடியவில்லை. அவனுக்குத் தெரிந்த ரகசியங்கள் பகைவரிடம் போய்விடும். அறம் பேசும் நல்லவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கும்.

க்ரீச்சரைச் சிரியஸ் அருவருப்போடும் அலட்சியத்தோடும் நடத்தினார். அந்த அலட்சியமே அவரைக் காட்டிக்கொடுக்கும் பகையாகத் திரும்பியது. வெறுப்பைவிடப் புறக்கணிப்பு ஆழமான காயம் செய்கிறது என்பது டம்பிள்டோரின் தீர்ப்பு. பிறகு 2007-இல் வந்த இறுதி நூலில், ஹாரி க்ரீச்சரை உட்காரவைத்து அவன் கதையைக் கேட்கிறான். அவன் உயிராக நேசித்த இளைய எஜமானன் ரெகுலஸின் நினைவாக ஒரு பதக்கத்தைக் கொடுக்கிறான். மறுபடி பார்க்கும்போது வீடு பளபளக்கிறது. சமையற்கட்டில் மணக்க மணக்க உணவு. க்ரீச்சர் மனம் மாறிவிட்டான். பின்னர் பெரும்போரில் எல்ஃபுகளுக்குத் தலைமை தாங்கி வருகிறவனும் அவனே. கதை கேட்பதற்கு இவ்வளவு வலிமை உண்டு.

ஆயினும் போரெல்லாம் முடிந்து களைத்துச் சாயும் வேளையில் ஹாரிக்கு வரும் எண்ணம் என்ன தெரியுமா? தன் படுக்கை, அங்கே க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்பது. கதையின் முக்கியப் பகுதி அந்த எண்ணத்தோடுதான் முடிகிறது. க்ரீச்சரும் போரிட்டவன்தானே, அவனுக்குக் களைப்பு இராதா என்று அந்த நல்ல பையனுக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் இதைக் குத்திக்காட்டவா எழுதினார், இயல்பாக எழுதிச் சென்றாரா என்று நான் ஆராயப் போவதில்லை. நம் எல்லோருடைய வீட்டு மாலைப்பொழுதும் அப்படித்தான் முடிகிறது.

க்ரீச்சரும் டாபியும் ஒன்றாக நிற்கும் காட்சியொன்று ஆறாவது நூலில் உண்டு. பகைவன் ஒருவனைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கவேண்டும். க்ரீச்சருக்கு ஹாரி கட்டளையிடுகிறான்; அவன் முணுமுணுத்துக்கொண்டே பணிகிறான். டாபியோ தானே முன்வருகிறான். தான் சுதந்திரமானவன், ஆகவே தான் விரும்பியவருக்குக் கீழ்ப்படியும் உரிமை தனக்கு உண்டு என்பது அவன் வாதம். வேடிக்கையான வாதம்போல் இருக்கிறது. ஆனால் நான் தேடிய விடை அதில்தான் இருக்கிறது. இருவரும் செய்தது ஒரே வேலை. ஒருவனால் மறுக்க முடியாது. மற்றவனால் முடியும், ஆனாலும் மறுக்கவில்லை. ஏவலுக்கும் நட்புக்கும் உள்ள தூரம் செயலில் இல்லை; அந்த 'முடியும்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

நன்றிக்கடனும் ஒரு சங்கிலிதானே, விடுவித்தவனுக்கு அவன் உள்ளத்தால் அடிமைதானே என்று கேட்கலாம். நானும் அப்படி ஐயுற்றதுண்டு. அதற்கு மறுமொழி டாபியின் கடைசிச் செயலில் இருக்கிறது. இறுதி நூலில் ஹாரியும் நண்பர்களும் மால்ஃபாயின் மாளிகையிலேயே சிறைப்படுகிறார்கள். டாபி ஒரு காலத்தில் தன் கைகளைத் தானே சுட்டுக்கொண்ட அதே வீடு. அங்கே வருகிறான். உடம்பெல்லாம் நடுங்க, பழைய எஜமானியை நோக்கி விரலை நீட்டுகிறான். தனக்கு எஜமானன் என்று எவருமில்லை, ஹாரியையும் அவன் நண்பர்களையும் காக்க வந்தேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறான். என் உயிரைக் காப்பாற்றாதே என்று ஹாரி கேட்டுக்கொண்டதையும் அன்று அவன் மீறுகிறான். அடிமை அப்படி மீறியிருந்தால் சுவரில் தலையை மோதிக்கொண்டிருப்பான். நண்பன் சொல் தட்டலாம். எறியப்பட்ட கத்தி அவன் நெஞ்சில் பாய்கிறது. எல்லோரையும் கரை சேர்த்துவிட்டு ஹாரியின் கைகளில் உயிர் விடுகிறான்.

ஹாரி மந்திரக்கோலைத் தொடவில்லை. மண்வெட்டி எடுத்துத் தன் கையால் குழி வெட்டுகிறான். கைகள் கொப்புளிக்கின்றன. அவன் சட்டைதான் டாபிக்குப் போர்வை. ஹாரியின் நண்பன் ரான் தன் காலுறைகளைக் கழற்றி அந்தச் சிறிய பாதங்களில் அணிவிக்கிறான். தலைமாட்டுக் கல்லில் பொறிப்பது டாபியின் பெயரும், அவன் சுதந்திரமானவன் என்ற செய்தியும் மட்டுமே. வீரன் என்றோ விசுவாசி என்றோ எழுதவில்லை. எஜமானர்கள் தங்கள் ஏவலாளர்க்குச் சூட்டும் மிகப் பெரிய பட்டம் விசுவாசி என்பது. அது அங்கே இல்லாததைக் கண்டு நான் நெகிழ்ந்தேன்.

ஆம், அது நட்புத்தான். ஆனால் ஹாரி தன் பங்கை மண்வெட்டியால் செலுத்த நேர்ந்தது. கடுகு மஞ்சள் காலுறையைத் தந்த அந்தக் காலையில் அவன் அறியாத கடன் அது.

* * *

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் வேலைக்கிருந்த ஒருவர் என்னைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லி 'வா', 'போ' என்பேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். குளக்கரை வழியாகப் போகச் சொன்னால் போவார்; தும்பி பிடித்துத் தரச் சொன்னால் வெயிலில் நின்று பிடித்துத் தருவார். ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவர்தான் என் முதல் நண்பர் என்று பல ஆண்டுகள் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கதைகளைப் படித்து முடித்த இரவில்தான் ஒன்று உறைத்தது. அவருக்கு எத்தனை குழந்தைகள் என்று எனக்குத் தெரியாது. மாலையில் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார் என்றும் தெரியாது. அவர் மாட்டேன் என்று சொல்லாததற்கு என்மேல் கொண்ட பிரியம் காரணமாக இருந்திருக்கலாம். மாதச் சம்பளமும் காரணமாக இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவர் இல்லை.

இதைப் படிக்கும் பலர் வீட்டிலும் பாத்திரம் துலக்க ஒருவர் வருகிறார். வாகனம் ஓட்ட ஒருவர் வருகிறார். அவர்களை நாம் நன்றாகவே நடத்துகிறோம். பண்டிகைக்குப் புடைவை வேட்டியும் கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் ஒருத்திபோல என்று பிறரிடம் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையா என்று அறிய ஒரு சிறிய சோதனை உண்டு. அவர் ஒருநாள் நம் முகத்தைப் பார்த்து, காரணம் ஒன்றும் சொல்லாமல், "இன்றைக்கு முடியாது" என்று சொல்லட்டும். அந்த நொடியில் நம் மனத்துக்குள் என்ன எழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கோபம் எழாவிட்டால், நட்புக்கு இடமிருக்கிறது.